முதல் வரி மட்டும் மாறியது

ஐந்து வரிகளில் முதல் வரி மட்டும் மாறியது. மற்ற நான்கும் இருந்தபடியே இருந்தன. அண்ணி பட்டனை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தை மூடி, புதிதாகத் திறந்து, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். திரையில் இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கான பக்கம். ஐந்து டாக்டர்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘வருகிறார்’ என்ற சொல், கீழே ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் ஐந்து ‘வருகிறார்’களும் ‘இன்று விடுமுறை’ என்று மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வதற்காக அண்ணி எழுதியிருந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் முதல் டாக்டருக்கு மட்டும் விடுமுறை கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரையும் வேலைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த ஜோக்கை நான் அப்போதே அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் முன்னறையில் தையல் மிஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதன்முன் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த நாலு வரிகளையும் பார்த்தபடியே இருந்தார். ஒன்பது வருஷமாகிறது. தலைப்புக்கு அவர் போட்டிருந்த வெளிர்ப் பச்சை நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. பாரிவாக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலம் மனையான பிறகு அவர்கள் அந்த மனைகளில் எழும்பிய வீடுகளுக்குச் செங்கல் சுமந்தார்கள். அண்ணி பன்னிரண்டாவது முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தார். செக்கர் என்றால், பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு பீஸையும் கடைசியாகக் கையில் எடுத்துப் பார்க்கிறவர். கல்யாணமாகி, ஆவடி பக்கத்தில் எங்கள் ஊரான அண்ணனூருக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. மொத்தம் பதிமூன்று வருஷம், நின்றுகொண்டே பார்த்தார். என் அண்ணன் வேன் ஓட்டினான். முப்பத்தெட்டு வயதில் ஒரு காலை நேரத்தில் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவன் மாரடைப்பில் போய்விட்டான். அவர்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த வருஷம் கம்பெனியையும் எங்கோ தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டுக்கும் அண்ணி ஒரே மாதிரிதான் இருந்தார். நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாவது நாள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

அவருக்குக் காலில் நரம்புச் சுருட்டு. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்துக்கொண்டு, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். இனிமேல் நிற்கிற வேலை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லிவிட்டால் ஆயிற்றா? பன்னிரண்டாவது படித்த, முப்பது வயது தாண்டிய பெண்ணுக்கு எங்கள் பக்கம் கிடைப்பதெல்லாம் நிற்கிற வேலைதான். நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய குடோனில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடியும்போதே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். திரும்பிக் கொண்டுவந்து விடும்போது குழந்தை தூங்கிப் போயிருக்கும். அந்த வேலைக்கு நாளைக்கே வா என்றார்கள். அண்ணி ஒரு மாதம் தவணை கேட்டுவிட்டு, ஆவடியில் பெண்களுக்கென்று இலவசமாக நடந்துகொண்டிருந்த வெப் டிசைன் வகுப்பின் கடைசி மாதத்தை முடிக்க ஓடினார். “எனக்கு உக்காந்து செய்யற வேலை வேணும் தம்பி. வேற இன்னாத்துக்கும் ஆசைப்படல. பாப்பா தூங்கறதுக்குள்ள நான் ஊட்டுக்கு வந்துடணும், அவ்ளோதான்” என்று என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அப்போது அம்பத்தூரிலேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷ அனுபவத்தோடு பெரிய ஆள்போலத் திரிந்துகொண்டிருந்தேன். “அதுக்கென்ன அண்ணி, நான் இருக்கேன்ல” என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

வகுப்பு நடத்திய மேடம் அண்ணியை ஓர் இடத்துக்குச் சிபாரிசு செய்தார். ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகம், அம்பத்தூரில் ஒரு மாடியில். பயிற்சியாளராக ஒரு பெண் வேண்டும். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. நாற்காலியில் உட்கார்ந்து. அங்கே அவர்கள் கொடுத்த பாடம்தான் அந்த டாக்டர்கள் பக்கம். வீட்டிலேயே செய்து செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணி ஐந்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். என் பழைய லேப்டாப்பில் ஒரு எழுத்துக்கட்டை உடைந்துபோயிருந்தது. அந்த எழுத்து வரும்போதெல்லாம் ஊசி முனையால் அழுத்துவார். நான் ஆபீஸ் விட்டு வரும்போது பார்ப்பேன், என்ன அண்ணி எப்படிப் போகுது என்பேன், அவர் பதில் சொல்வதற்குள் குளிக்கப் போய்விடுவேன். பக்கத்துக்கு நிறம், எழுத்து, கட்டம் எல்லாம் அவரே போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் என்னைக் கூப்பிட்டார். முதல் வரி மட்டும் மாறிய மத்தியானம்.

இந்த இடத்தில் அண்ணி செய்த தவறு என்ன என்று சொல்லிவிட வேண்டும். அதை அவர் ஏன் செய்தார் என்பது எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது. வெப் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கு ஐடி என்று பெயர். ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரே ஓர் இடத்துக்குத்தான். அண்ணி ஐந்து ‘வருகிறார்’களுக்கும் ஒரே ஐடியைக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் அந்தப் பெயரைத் தேடி, முதலில் அகப்பட்டதை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. புதிதாகப் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர் அசட்டையாக இதே தவறைச் செய்வார்கள். அண்ணி யோசித்துச் செய்திருந்தார். அவருடைய கம்பெனியில் ஒரே மாதிரிப் பாகத்துக்கு ஒரே நம்பர். பத்தாயிரம் பீஸ் இருந்தாலும் அதே நம்பர்தான். அந்த நம்பரை நிறுத்து என்று மேலிருந்து ஒரு சீட்டு வந்தால், எந்த மூலையில் எந்த ட்ரேயில் இருந்தாலும் அந்த நம்பர் போட்ட அத்தனையும் நிற்கும். நம்பரைச் சொன்னால் கூட்டமாக வர வேண்டும். பதிமூன்று வருஷம் அவர் கையில் அப்படித்தான் வந்திருக்கிறது.

அதை அன்றைக்கே அவர் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. “அஞ்சும் ஒரே சாமான்தானே தம்பி. ஒரே பேருதான் குடுத்துக் கீறேன். பேரைக் கூப்ட்டா அஞ்சும் வரணும்ல? ஒண்ணுதான் வருது, மத்தது அப்டியே கீது” என்றார். நான் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். ஆவடியில் எங்கள் நண்பர் கூட்டத்துக்குக் கிரிக்கெட் மாட்ச். தெருமுனையில் சிநேகிதன் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு, “மாமே, இன்னாடா பண்ணிக்கினு கீறே? டாஸ் போட்டுடுவானுங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான். “இது உங்க கம்பெனி இல்ல அண்ணி, தள்ளுங்க” என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார். நான் உட்காரக்கூட இல்லை. குனிந்தபடியே ஐந்து இடத்திலும் ஐடியை எடுத்துவிட்டு, பலவற்றுக்கும் பொதுவாக வைக்கிற இன்னொரு வகைப் பெயரைப் போட்டு, ஃபங்ஷனை அழித்து, ஒவ்வொன்றாகப் போய் மாற்றும்படி மூன்று வரி எழுதினேன். பட்டனை அமுக்கினேன். ஐந்து டாக்டர்களுக்கும் விடுமுறை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் திறமையில் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அண்ணி கையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார். அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பீஸில் குறை இருந்தால் செக்கர் அதில் சிவப்புச் சீட்டுக் கட்டுவார். சீட்டில் காரணம் என்று ஓர் இடம் இருக்கும். அதை நிரப்பாமல் அந்த பீஸைத் தன் மேசையிலிருந்து நகர்த்த யாருக்கும் அனுமதி கிடையாது. சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். அண்ணி தன் நோட்டிலும் அப்படியே கோடு போட்டு வைத்திருந்தார். தப்பு, சரி, காரணம். “காரணம் இன்னா தம்பி? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ, எழுதிக்கிறேன்” என்றார். தெருமுனையில் ஹார்ன் அடித்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டே, “காரணம் கெடக்கட்டும் அண்ணி. இப்ப வேலை செய்யுதுல்ல? அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்க. வந்து சொல்றேன்” என்றேன். மாட்சில் ஜெயித்தோம். சாயங்காலம் வந்து நான் எதையும் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் வேலை அதிகம். எத்தனை நாள் இருந்தது எனக்கு! முழுதாக ஒன்றரை நாள். சொல்ல வேண்டியதோ ஐந்து நிமிஷப் பேச்சு. சனியன் பிடித்த அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வீடு திரும்பியபோது அண்ணி டிபன் பாக்ஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொண்டு போன புடவையை மாற்றவில்லை. என்னாச்சு அண்ணி என்றேன். குழாயை மூடாமலே சொன்னார். பக்கத்தைக் காட்டியிருக்கிறார். அந்த அலுவலகத்தின் முதலாளியும் இன்னொரு பெண்ணும் பார்த்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்களாம். அப்படியே தங்கள் எதிரில் ஒரு சின்னது எழுதுங்கள், மூன்று பஸ், பட்டனை அமுக்கினால் மூன்றுக்கும் ‘தாமதம்’ என்று வரட்டும் என்றார்களாம். அண்ணி எழுதினார். தனக்குத் தெரிந்தபடி, மூன்றுக்கும் ஒரே பெயர் கொடுத்து. முதல் பஸ் மட்டும் தாமதமானது. அந்தப் பெண், அண்ணி வீட்டிலிருந்து கொண்டுபோன பக்கத்தைத் திறந்து, இதில் சரியாகச் செய்திருக்கிறீர்களே, இங்கே ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். வேறு யாராவது இருந்தால் பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். அண்ணி தான் பார்க்காத பீஸுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகாதவர். “அது நான் எழுதுனது இல்ல மேடம்னு சொல்லிட்டேன்” என்றார். “அப்புறம் தண்ணி குடிங்கன்னாங்க. வந்துட்டேன்.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர்மேல்! ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க, சமாளிச்சிருக்கலாமே என்று குரலை உயர்த்தினேன். அவர் ஒரு மூடியைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். அப்போது ஏதோ உறைத்தது. மூன்று பஸ்ஸுக்கும் ஏன் ஒரே பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். முதன்முதலாகக் கேட்கிறேன். “ஒரே சாமான்தானே” என்றார். நான் முன்னறைக்குப் போய் அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கான பக்கம் இருந்தது. தப்பு என்பதற்குக் கீழே அவருடைய ஃபங்ஷன். சரி என்பதற்குக் கீழே நான் எழுதிய மூன்று வரி, ஒரு புள்ளிகூட விடாமல், குண்டு குண்டான எழுத்தில். காரணம் என்பதற்குக் கீழே ஒன்றுமில்லை. நான் வந்து சொல்வேன் என்று நாலு வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தார். நோட்டோடு அடுப்படிக்கு ஓடி, “அண்ணி, இப்பச் சொல்றேன், ரெண்டே நிமிஷம்” என்றேன். ஈரக் கையை உதறிக்கொண்டே, “இப்ப எதுக்குத் தம்பி, வுடு” என்றார். எத்தனை மெதுவாகச் சொன்னார்! திட்டியிருக்கலாம். நான் காலில் விழுந்திருப்பேன்.

ஒரு வாரம் பொறுத்து நான் அந்த மாடி அலுவலகத்துக்குப் போனேன். தப்பு என்னுடையது, அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். முதலாளி நல்ல மனிதர். உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அந்த இடத்துக்கு முந்தின நாள்தான் வேறு ஒரு பெண் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, இதையும் சொன்னார்: “தெரியாதது ஒரு தப்பே இல்லீங்க. ட்ரெய்னிதானே கேட்டோம்? முதல் லைன் மட்டும் மாறுற பேஜையே அவங்க கொண்டுவந்து, இதனாலதான் இப்படி எழுதினேன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே எடுத்திருப்போம். யோசிக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும். காட்டுன வேலை அவங்களோடது இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் எப்படிங்க?” நான் தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன். வழியில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. அழவில்லை. இன்னொரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஆறிப்போயிருந்த வடையையும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் இதைச் சொல்லவில்லை. அந்த ஓட்டைப் பக்கத்தோடு போயிருந்தால் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கும், நான் சரி செய்ததுதான் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி அண்ணி குடோன் வேனில் ஏறினார். பாரம் இறக்குகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பெட்டிகளின் லேபிளைப் பார்த்துப் பிரித்து வைக்கிற வேலை. முதல் மாதம் நான் ரொம்பத் துடித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சொல்லித் தருகிறேன் அண்ணி, ஆறு மாதத்தில் வேறு இடம் பார்த்துவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஓவர்டைம், இந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல், இந்த வாரம் கால் வலி என்று தள்ளிப்போனது. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். மூன்றாவது மாதம் நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதைவிட, அவர் கால் பாழானதைவிட, அந்த நிம்மதிதான் என்னால் என்னை மன்னிக்க முடியாத விஷயம். அவரும் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேஸ் புக் பண்ணுவதிலிருந்து பாங்க் பாஸ்வேர்டு மறந்துபோவதுவரை குடோனில் கூட வேலை பார்க்கிற பெண்களிடம் கேட்டுக்கொள்வார். அவர்களுக்கும் தெரியாவிட்டால் தெரியாமலே இருப்பார்.

குழந்தைதான் இதில் கணக்கில்லாமல் இழந்தது. ஏழு வயதில் தானே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கும். பள்ளிக்கூடத்துக் கூட்டங்களுக்கு நான்தான் போவேன். அம்மா வரலையா என்று டீச்சர் கேட்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் கரும்பலகையைப் பார்ப்பேன். அம்மா வருகிறவரை விழித்திருக்கிறேன் என்று சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள். என் அம்மா அவளைத் தூக்கிப் படுக்க வைப்பாள். அண்ணி வந்து, தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது என்று என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஆபீஸில் இந்த ஒன்பது வருஷத்தில் எத்தனையோ புதுப்பிள்ளைகள் எனக்குக் கீழே வேலைக்கு வந்தார்கள். எல்லாரும் சார் சார் என்று பின்னால் வருவார்கள். என் கை சும்மா இருக்காது. தள்ளுப்பா என்று அவர்கள் கீபோர்டை இழுத்து எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அண்ணி ஞாபகம் வரும். வந்தும் கை நிற்காது. இப்போது அதற்கும் ஆள் வேண்டியதில்லை. தப்பான ப்ரோக்ராமை ஒட்டினால் ஏஐ மெஷினே திருத்திக் கொடுக்கிறது, கூடவே எங்கே ஏன் தவறு என்று நாலு வரியில் விளக்கமும் எழுதுகிறது. அதே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறை சொல்கிறது. ஒரு நாள் வேடிக்கைக்காக அண்ணியின் ஃபங்ஷனை ஞாபகத்திலிருந்து அடித்து அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு ஐடி ஒரே இடத்துக்குத்தான் என்று அது பொறுமையாக ஆரம்பித்தது. என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

அண்ணிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஆறுவதும் வாய் திறப்பதுமாக இரண்டு வருஷமாக இருக்கிறது. டாக்டர் அதே பேச்சைத்தான் பேசுகிறார், நிற்காதீர்கள் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறாள். அந்த வகிடு எடுக்கத் தெரியாத குழந்தை என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்பை ஏந்திக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். ஸ்கூலில் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களாம். லைப்ரரிக்கு ஒரு பக்கம். பட்டனை அமுக்கினால் ‘திறந்திருக்கிறது’ என்பது ‘மூடப்பட்டது’ என்று மாற வேண்டும். “ஒண்ணுமே மாற மாட்டேங்குது சித்தப்பா. காலைலேர்ந்து இதே ரோதனை” என்றாள்.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கம் முழுக்க வருவதற்கு முன்னாலேயே ஃபங்ஷன் தான் மாற்ற வேண்டிய சொல்லைத் தேட ஆரம்பித்திருந்தது. தேடுகிற சொல் இன்னும் அங்கே வந்திருக்கவில்லை. அவ்வளவுதான். என் விரல் தானாக எழுந்தது. நான் அதை மடக்கிக்கொண்டேன், சத்தியமாக மடக்கிக்கொண்டேன். இந்தத் தடவை கீபோர்டைத் தொடுவதில்லை, பக்கத்தில் உட்கார வைத்து, நீ இதை ஏன் இப்படி எழுதினாய் என்று முதலில் அவளைச் சொல்ல வைப்பது, பிறகு ஒவ்வொன்றாகக் காரணத்தைச் சொல்வது, எத்தனை நேரமானாலும் சரி என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். லேப்டாப்பை வாங்கிப் பேப்பர் மேல் வைப்பதற்காக இரண்டு கையையும் நீட்டினேன்.

“சித்தப்பா கையில குடுக்காத கண்ணு” என்றார் அண்ணி கட்டிலில் இருந்து. “சரி பண்ணிக் குடுத்துடுவாரு.”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அடுப்பு சுடும், கிட்டப் போகாதே என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காலில் கட்டு அவிழ்ந்திருந்த இடத்தைக் குனிந்து சரி செய்யப் போய்விட்டார். நான் அப்படிச் செய்யப்போவதில்லை, என்ன தப்பு என்று சொல்லத்தான் போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.